புளியங்கொட்டைப் பசையும் எட்டு நடுகற்களும்

ஜூன் 10, செவ்வாய்

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கியபோது இருட்டு பிரியவில்லை. கருவிப் பை இரண்டு, சுருட்டிய வரைபடங்கள் அடைத்த நீளக் குழாய், நான், நான்கு வருடமாக என்னோடு வேலைக்கு வருகிற தம்பி. தருமபுரிக்குப் பஸ் வரும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ 12 ரூபாய். கடைக்காரர் குழாயைப் பார்த்துவிட்டு, "சர்வே எடுக்க வந்திருக்கீங்களா?" என்றார். நடுகல், அதாவது இறந்த வீரனுக்கு நட்ட கல், அதன் கண்காட்சிக்கு அரங்கு அமைக்க வந்திருக்கிறோம் என்றேன். "ஓ, வேடியப்பனா?" என்றார்.

மூன்று வாரமாக இந்த வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் தாள் எதிலும் அந்தப் பெயரை எழுதி வைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் நடுகல் பலவற்றை வேடியப்பன் என்றுதான் கும்பிடுகிறார்கள் என்பதை ஒரு டீக்கடையில் தெரிந்துகொண்டேன்.

வேலை இதுதான். ஓர் அறக்கட்டளை தருமபுரி வட்டார நடுகற்களைப் பற்றி ஒரு பள்ளியின் பழைய கலையரங்கத்தில் மூன்று நாள் கண்காட்சி நடத்துகிறது. எட்டு நடுகற்களின் மாதிரி, ஆறடி உயரம் வரை. விளக்கப் பலகைகள், வெளிச்சம், பார்வையாளர் நடந்து போகும் பாதை எல்லாம் என் பொறுப்பு. மொத்தம் 1,40,000 ரூபாய், முன்பணம் 50,000. நான் எந்தக் கம்பெனியிலும் இல்லை. பன்னிரண்டு வருடமாகத் தனியாகத்தான் அரங்கு அமைத்துக்கொண்டிருக்கிறேன். ஜவுளிக் கண்காட்சி, மருத்துவ மாநாடு, அறிவியல் கண்காட்சி என்று கிடைப்பதை எல்லாம் செய்திருக்கிறேன். கல்லைப் போல ஒன்றைச் செய்வது இதுதான் முதல் முறை.

காலையில் நேராகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குப் போனோம். படங்களைப் பார்த்து அளவெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். நேரில் பார்த்ததும் அந்த அளவில் பாதி தப்பு என்று தெரிந்தது. உருவம் கல்லை விட்டு இரண்டு விரல் அளவுக்கு மேல் வெளியே வரவில்லை. என் வரைபடத்தில் ஒரு சாண் புடைத்துக்கொண்டிருந்தது. வீரன் இடது கையில் வில், வலது கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்புகள். காலடியில் ஒரு கெண்டி, ஒரு சிமிழ். தலைக்கு மேலே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வரிகள்.

காலை எட்டரைக்கு வெயில் சாய்வாக விழுந்தபோது அம்பின் நுனி வரை தெரிந்தது. பதினொன்றரைக்குத் திரும்பி வந்து பார்த்தால் அதே கல் வெறும் பலகை மாதிரி நிற்கிறது. வெளிச்சம் மேலே இருந்து விழுந்ததும் செதுக்கல் முழுதும் மறைந்துவிட்டது. என் திட்டத்தில் விளக்குகள் எல்லாம் கூரையில் இருந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லுக்கும் இடது பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு விளக்கு என்று மாற்றி வரைந்தேன்.

விளக்கப் பலகைகளையும் மாற்ற வேண்டும். பலகைக்கு 140 சொல் எழுதியிருந்தேன். எதிரி கவர்ந்த மாடுகளை மீட்கப் போய் ஒருவன் செத்ததைச் சொல்ல அந்தக் கல்லுக்கு மூன்று சொல் போதுமாக இருக்கிறது: தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். இரவு முழுக்க வெட்டி வெட்டி, பலகைக்கு 30 சொல்லுக்குக் கொண்டுவந்தேன்.

லாட்ஜில் அறை வாடகை 700. தண்ணீர் பிடிக்கப் போனபோது அங்கிருந்த பெண், "குடிக்கறதுக்கு இந்தக் குழாய் வேணாம் கா, அந்த ஒகேனக்கல் தண்ணியப் பிடிங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; பல்லில் பழுப்பு ஏறிய பெரியவர்களைக் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டமாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வந்தது 2013இல்.

ஜூன் 11, புதன்

காலை ஏழு மணிக்கு வர வேண்டிய சரக்கு மாலை நாலரைக்கு வந்தது. தெர்மாகோல் கட்டிகளைத் தனி வண்டியில் அனுப்பக் காசு இல்லாததால், வேறு சரக்கோடு சேர்த்து ஏற்றிவிட்டிருந்தேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி ஏற்றியதில் மூன்று கட்டிகளுக்கு மூலை போயிருந்தது. ஓட்டுநர் முகத்தைப் பார்த்தால் அவரும் நேற்றிலிருந்து தூங்கவில்லை. சண்டை போட மனம் வரவில்லை.

காத்திருந்த நேரத்தில் நல்ல சாப்பாடு கிடைத்தது. பள்ளிக்கு எதிர்ச் சந்தில் ஓர் அம்மா வீட்டுத் திண்ணையில் களி போடுகிறார். ராகிக் களி இரண்டு உருண்டை, கீரைக் கடைசல், தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு, 50 ரூபாய். தம்பி களியை மெல்லப் பார்த்தான். "மெல்லாத சாமி, முழுங்கு. குழம்புல தொட்டு அப்படியே உள்ள விடு" என்று அந்த அம்மா ஒரு சின்ன உருண்டை பிடித்து அவன் தட்டில் வைத்துக் காட்டினார். மூன்றாவது உருண்டைக்குக் காசு வாங்கவில்லை. பிறகு தினமும் மதியம் அங்கேதான்.

ஐந்து மணிக்கு இடியும் மழையும். கலையரங்கத்தின் ஓட்டுக் கூரையில் நான்கு இடத்தில் ஒழுகியது. வாளி வைத்தோம்.

ஜூன் 12, வியாழன்

முழு நாளும் அறுப்பு. கம்பியைச் சூடாக்கித் தெர்மாகோலை அறுப்பதில் ஒரு தாளம் உண்டு. நிறுத்தினால் பள்ளம் விழும், அவசரப்பட்டால் கம்பி வளையும். மதியத்துக்குள் எட்டும் நின்றுவிட்டன. வெள்ளையாக, பேய் போல. மாலையில் அரங்க நடுவில் நிற்கப்போகும் பெரிய கல்லுக்கு மட்டும் முகம் செதுக்கினேன்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. முதல் பூச்சுக்கு உள்ளூர்ப் பெயிண்டர் ஒருவரைப் பேசியிருந்தேன். நானும் தம்பியும் பிளக்ஸ் கடைக்குப் போன ஒரு மணி நேரத்தில், தின்னர் கலந்த பிரைமரை ஸ்பிரே அடித்துவிட்டார். தின்னர் பட்டால் தெர்மாகோல் கரைந்துபோகும். திரும்பி வந்தபோது மூன்று கற்களின் முன்பக்கம் புழு அரித்த மாதிரி உள்ளே போயிருந்தது. பெரிய கல்லின் முகமும் அதில் ஒன்று. அந்த மனிதர் மூலையில் குந்தி உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். மரமும் இரும்பும் பூசிப் பழகியவர். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் மட்டும்தான் என்று நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். பாக்கெட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

புதுக் கட்டி சென்னையிலிருந்து வர மூன்று நாள். திறப்பு திங்கள்கிழமை.

ஜூன் 13, வெள்ளி

பள்ளி வாட்ச்மேன் அண்ணன் காலையில் அந்தக் கற்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எங்க ஊர்ல ஒரு பெரியவர் இருக்காரு. கொலு பொம்மை பண்ணுவாரு. படுகளத்துக்குத் துரியோதனன் போடறதும் அவர்தான். கூட்டிட்டு வரட்டுமா?" என்றார். பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனனை மண்ணில் படுக்க வைத்து அவன் சாவதை நடிப்பதுதான் படுகளம்.

பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். கரைந்த முகத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "இது எலும்பு கண்ணு. எலும்பு கெடல. தோல்தான் போடணும்" என்றார். பழைய பேப்பர், புளியங்கொட்டைப் பசை. அவ்வளவுதான் அவர் கேட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் மைதா பசையும், தொழிலுக்கு வந்த பிறகு டப்பாப் பசையும்தான் பார்த்தவள். புளியங்கொட்டைப் பசையைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. அவர் வீட்டில் அரைத்து வைத்த மாவு மூன்று கிலோ இருந்தது. போதாது என்று, புளி மண்டி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். இந்த ஊரில் புளிக்குக் குறைவில்லை. சாலையோரத்து மரங்களைப் பார்த்தாலே தெரியும். மண்டியின் உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேலை, கை, காற்று எல்லாம் புளிப்பு. கொட்டை கிலோ 20 ரூபாய். பத்து கிலோ வாங்கினோம்.

செய்முறையை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். கொட்டையை மணலோடு சேர்த்து வறுக்க வேண்டும். தோல் வெடித்துக் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை இரவெல்லாம் ஊறவைத்து, மையாக அரைத்து, தண்ணீர் விட்டுக் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். கூழ் பதம் வந்து பளபளவென்று ஆனதும் துளி மயில்துத்தம். அது இருந்தால் பூச்சி வராது, பூஞ்சணம் பிடிக்காது. ஆனால் விஷம், பாத்திரத்தை மறுபடி சமையலுக்குத் தொடக்கூடாது. பேப்பரைக் கத்தரிக்கக் கூடாது, கிழிக்க வேண்டும். கத்தரித்த ஓரம் மேலே தெரியும், கிழித்த ஓரம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். இதைப் பெரியவர் மூன்று முறை சொன்னார்.

ஜூன் 14, சனி

இன்று நான் எழுத உட்கார்ந்ததே இரவு ஒரு மணிக்கு.

நான்கு அடுக்குப் பேப்பர். ஒவ்வோர் அடுக்கும் காய வேண்டும், வானமோ மூடிக்கொண்டே இருக்கிறது. ஹாலஜன் விளக்குகளை எல்லாம் கற்களைப் பார்த்துத் திருப்பி வைத்து, வகுப்பறைகளிலிருந்து ஆறு டேபிள் ஃபேன் வாங்கி ஓடவிட்டோம். அந்தப் பெயிண்டரும் காலை எட்டு மணிக்கே வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. இரவு வரை பேப்பர் கிழித்தார்.

மதியம் பெரியவர் தனக்குத் தெரிந்த கல் உடைக்கிறவர் ஒருவரை அழைத்து வந்தார். கிரானைட் குவாரிகளில் இருபது வருடம் வேலை பார்த்தவர். வரும்போதே ஒரு சாக்கு கிரஷர் தூள் கொண்டுவந்திருந்தார். அதைச் சலித்து, நைசான தூளைப் பசையோடு குழைத்து மேலே பூசச் சொன்னார். பூசிக் காய்ந்ததும் விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். உண்மைக் கல்லின் தூள் இல்லையா, அங்கங்கே மினுக்கியது. எந்தப் பெயிண்டாலும் எனக்கு இது வந்திருக்காது. நான் சாம்பல் நிறத்தில் நான்கு டப்பா வாங்கி வைத்திருந்தேன், ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். "உளி போன தடம் எல்லாம் ஒரே பக்கமா சாயணுங்க. வலது கைக்காரன் அடிச்சா இப்படித்தான் விழும்." நான் அழகுக்காக எல்லாப் பக்கமும் கீறி வைத்திருந்தேன். எட்டுக் கற்களிலும் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மறுபடி கீறினோம்.

நடுகல்லுக்கு ஆறு படிகள் சொல்கிறது பழைய இலக்கணம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். ஏற்ற கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி வாழ்த்தி முடிப்பது வரை. இதைப் பலகையில் எழுதும்போது தம்பியிடம் படித்துக் காட்டினேன். "கா, நம்ம வேலை நாலாவதோட முடிஞ்சிடுது இல்ல?" என்றான். நட்டுவிட்டுத் திறப்பு விழா மாலையே கிளம்பிவிடுவோம். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

ஜூன் 15, ஞாயிறு

பெரியவர் அதிகாலை நான்கு மணிக்கு மகனைப் பைக்கோடு அனுப்பிவிட்டார். காரிமங்கலம் பக்கம் அவர் ஊர். பதினெட்டு நாள் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடத்தி, இன்று துரியோதனன் படுகளம். எனக்கு அரங்கில் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் போகாமல் இருந்தால் காலத்துக்கும் வருந்துவேன் என்று தோன்றியது.

திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டிய திடலில் செம்மண் குவித்திருந்தார்கள். பத்துப் பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். பெரியவர் கையில் வரைபடம் இல்லை, டேப் இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லை வைத்தார். அங்கிருந்து காலடி வைத்து நடந்தார். நின்ற இடங்களில் எல்லாம் சுண்ணாம்பு போட்டார்கள்: தோள், இடுப்பு, முழங்கால், பாதம். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு நடந்தேன். நாற்பது அடிக்குக் குறையாது. மண்ணை நனைத்து, மிதித்து, ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் ஆள் படுத்துவிட்டான். மார்பு என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. முகத்தை மட்டும் பெரியவர் யாரையும் தொடவிடவில்லை. சுண்ணாம்பில் கண், கரியில் மீசை. வலது தொடையில் ஒரு பானையைப் புதைத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரை ஊற்றி மூடினார்கள்.

பதினொரு மணிக்குக் கூத்துக்காரர்கள் வேடத்தோடு வந்தார்கள். கிரீடம், புஜக்கட்டை, சலங்கை. வீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள், மார்பின் மேல் ஏறி வசனம் பேசினார்கள். கூட்டம் அவர்களோடேயே ஓடியது. வீமன் தொடையில் கதையை இறக்கினதும் சிவப்பு பீறிட்டது. திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடித்தாள். என் பக்கத்தில் நின்ற பெண்கள் அழுதார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த நிமிடம் கூட்டம் மண்ணை அள்ள ஆரம்பித்தது. வீட்டுக்கு, வயலுக்கு, மாட்டுக் கொட்டகைக்கு என்று ஆளுக்கொரு பிடி. ஒரு மணிக்குத் திடலில் ஒரு கண்ணும் பாதி மீசையும்தான் மிச்சம். பெரியவர் அந்த முகத்தருகே நின்றுகொண்டிருந்தார். ஏதாவது சொல்வார் என்று பக்கத்தில் போனேன். "மூக்கு இடது பக்கம் கொஞ்சம் போயிருச்சு கண்ணு. மண்ணுல மணல் ஜாஸ்தி. அடுத்த வருஷம் ஏரி மண்ணு எடுக்கணும்" என்றார்.

அவர் வீட்டில் சாப்பாடு போட்டு, கையில் நான்கு மயில் தோகையும் கொடுத்து அனுப்பினார். அது நான் கேட்டது. அதியமானை நட்ட கல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்த்ததை ஔவை பாடியிருக்கிறார். அதியமானின் தகடூர்தானே இந்த ஊர்; பெரிய கல்லுக்குப் பீலி இல்லாமல் எப்படி?

திரும்பிய பிறகு இரவு மூன்று மணி வரை வேலை. வழியில் வாங்கிய காவேரிப்பட்டணம் நிப்பட்டு ஒரு பாக்கெட்தான் இரவுச் சாப்பாடு. நல்ல மொறுமொறுப்பு, காரமும் சரியாக இருந்தது.

ஜூன் 16, திங்கள்

திறப்பு விழா. விளக்கு ஏற்றினார்கள், பேசினார்கள், போனார்கள். நான் தம்பியிடம் இரவு ரயிலுக்குப் போகவில்லை, மூன்று நாளும் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்தேன். பிள்ளைகள் பலகையைப் படிப்பதில்லை; அம்பை எண்ணுகிறார்கள். "இவனுக்கு ஏழு, அவனுக்கு மூணுதான்" என்று சண்டை. ஆசிரியர் ஒருவர் மட்டும் ஆறு படிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் போட்ட பாதையில் யாருமே நடக்கவில்லை. எல்லோரும் வாசலில் நுழைந்ததும் நேரே பெரிய கல்லுக்குப் போய், பிறகுதான் மற்றவற்றுக்குத் திரும்பினார்கள். மதியம் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

நாலு மணிக்கு ஒரு பாட்டி. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். பெரிய கல்லின் முன் நின்று, "எந்த ஊரு வேடியப்பன் இது?" என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் சுருக்குப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "பாட்டி, இது பேப்பர். உள்ள தெர்மாகோல். கற்பூரம் ஏத்தினா பிடிச்சிடும்."

அவர் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ பண்ணதா?"

"நாங்க நாலஞ்சு பேரு பண்ணோம் பாட்டி."

"மழ பட்டா கரைஞ்சிருமா?"

"கரைஞ்சிரும்."

"அப்ப உள்ளயே வெச்சிருங்க" என்று சொல்லி, கற்பூரத்தைத் திரும்ப முடிந்துகொண்டு, காலடியில் இருந்த காகிதக் கெண்டிக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலையும் இரண்டு ரூபாய் நாணயமும் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 18, புதன்

நேற்று எழுதவில்லை. கூட்டம். பாட்டியின் வெற்றிலையைப் பார்த்து மற்றவர்களும் காசு வைக்க ஆரம்பித்து, இன்று மாலை எண்ணியபோது 212 ரூபாய் இருந்தது. வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்து, அவர் ஊர் வேடியப்பனுக்குப் படையல் வைக்கச் சொன்னேன்.

பணம் முழுதாக வரவில்லை. ஏற்பாடு செய்தவர்கள் 60,000 கொடுத்தார்கள். மிச்சத்தில் 15,000 குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். "பேப்பரும் பசையும்தானே" என்று காரணம் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குரலை உயர்த்தாமல், யார் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் சொல்கிறோம் என்றார்கள். பெரியவருக்கும் கல் உடைப்பவருக்கும் பெயிண்டருக்கும் என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன். அவர்கள் பத்து நாள் காத்திருக்கக் கூடாது.

பிரிப்பதை நானே செய்தேன். ஐந்து கற்களைப் பள்ளி நூலகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு, இறக்கும்போது முறிந்தன. அந்தப் பேப்பரை உரித்துப் பார்த்தேன், நான்கு அடுக்கும் ஒரே பலகையாக இறுகியிருந்தது. பெரிய கல்லைப் பெரியவர் கேட்டார். மகன் ஆட்டோவில் கோணி விரித்துப் படுக்க வைத்து, மயில் தோகை மடங்காமல் மேலே தன் துண்டைப் போட்டு மூடி எடுத்துப் போனார். எங்கே வைப்பார் என்று கேட்கவில்லை. மழை படாத இடமாகத்தான் பார்த்து வைப்பார்.

களி அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஊருக்குப் போகிறவளை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று ஆறு செந்தூரா மாம்பழம் கட்டிக் கொடுத்தார்.

ராத்திரி சென்னைப் பஸ். மண்டியில் இன்னொரு பத்து கிலோ வாங்கி மூட்டையாகக் கட்டி இருக்கைக்குக் கீழே தள்ளியிருந்தேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் நடத்துநர் காலால் தட்டிப் பார்த்து, "என்னங்க மூட்டை?" என்றார்.

"புளியங்கொட்டை."

"வறுத்ததா?"

"இல்லைங்க."

"போனதும் வறுத்துருங்க. இல்லாட்டி வண்டு வெச்சிரும்" என்று சொல்லிவிட்டு, லக்கேஜ் டிக்கெட் கிழிக்காமல் முன்னால் போனார்.